புதுப்பிப்பு: 12 அங்குலச் சதுர ஆல்பப் பக்கத்தில் ஒன்பது படங்கள்

முதல் பதிவில் சொன்ன கணக்கு: 3.5 அங்குலச் சதுரப் படங்கள் வரிசைக்கு மூன்று, நடுவே கால் அங்குல இடைவெளி, சுற்றிலும் அரை அங்குல ஓரம். அதில் மாற்றமில்லை. ஒட்டும் வரிசையைத்தான் திருத்த வேண்டும்.

இடது மேல் மூலையில் தொடங்கச் சொல்லியிருந்தேன். அது தவறு. ஒவ்வொரு படமும் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே வலது ஓரம் கண்ணுக்குத் தெரியும்படி ஒடுங்கிவிடும். நடுப்படத்தை முதலில் ஒட்டுங்கள். பிறகு அதன் நான்கு பக்கம், கடைசியில் மூலைகள். பிழையை இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ளும். இடைவெளிக்கு ஸ்கேல் வேண்டாம். கால் அங்குல அகலத்தில் வெட்டிய தடித்த அட்டைத் துண்டை இடையில் வைத்து நகர்த்தினால் போதும்.

படம் ஓரத்தில் வெட்டுப்படுகிறது என்றால், பிரிண்டரில் 'ஓரமின்றி அச்சிடு' தேர்வாகியிருக்கும். அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கியே அச்சிடும். அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு படம் 1050 பிக்சல் சதுரம்.

தாள் அலையலையாக எழும்புவது தண்ணீர்ப் பசையின் வேலை. ஈரத்தில் தாளின் இழைகள் விரிந்து, காயும்போது சீரில்லாமல் சுருங்கும். அமிலமற்ற இருபக்க டேப் பாதுகாப்பு. பக்கத்தைப் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் உறையில் பிவிசி வகை மட்டும் வேண்டவே வேண்டாம், பாலிபுரொப்பிலீன் வகை வாங்குங்கள். இன்க்ஜெட் அச்சு என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு உறையில் போடுங்கள்.