பான்சர் 4: வாஷ் அடித்த மறுநாள் சக்கரங்கள் தானாக உடைகின்றன, அவசரம்

மதன்35 · சனி, இரவு 11.40
எல்லோருக்கும் வணக்கம். பான்சர் 4 (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்க்) பிளாஸ்டிக் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று இரவு வாஷ் (பள்ளங்களில் நிழல் தெரிவதற்காக நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) அடித்தேன், நன்றாகத்தான் வந்தது. இன்று சாயங்காலம் கையில் எடுத்தால் சக்கரங்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. பசை விட்டுப்போகவில்லை, பிளாஸ்டிக்கே முறிந்திருக்கிறது. நான் அழுத்தவே இல்லை. அடுத்த ஞாயிறு நண்பர்கள் ஆளுக்கொரு மாடல் கொண்டுவருகிறோம், அதற்குள் சரிசெய்தாக வேண்டும். என்ன காரணமாக இருக்கும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நிலா_ப்ரஷ் · சனி, இரவு 11.52
கடையில் வாங்கிய வாஷா, நீங்களே கலந்ததா? எதில் கலந்தீர்கள்? என்ன பெயிண்டின் மேல் அடித்தீர்கள்? நடுவில் வார்னிஷ் உண்டா? எத்தனை சக்கரம் போனது? முறிந்த இடத்தைக் கிட்டப் பிடித்து ஒரு படம் போடுங்கள்.

ரப்பர்பேண்ட்_எதிரி · ஞாயிறு, காலை 6.15
படமே வேண்டாம், வினைல் டிராக்தான். கிட்டில் வரும், சக்கரங்களைச் சுற்றி மாட்டுகிற அந்த ரப்பர் மாதிரியான டிராக் எப்போதும் ஒரு கண்ணி குறைவாகவே இருக்கும். இழுத்து மாட்டினால் முன்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் பின்னால் டிராக் திரும்புகிற ஐட்லர் சக்கரத்தையும் இரவும் பகலும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு வினைலை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து சக்கரத்தைத் தின்றுவிடும். என் பாந்தர் டாங்க் மூன்று வருடம் கண்ணாடி அலமாரியில் நின்றது. எடுத்துப் பார்த்தால் டிராக் பட்ட இடமெல்லாம் சக்கரத்தில் பள்ளம், தொட்டால் பிசுபிசுப்பு. அன்றிலிருந்து கண்ணி கண்ணியாகக் கோர்க்கிற டிராக் தவிர வேறு வாங்குவதில்லை. கழற்றி எறியுங்கள்.

கவசவாகனன் · ஞாயிறு, காலை 8.30
தம்பி, "பான்சர் 4" என்றால் யாருக்கு என்ன புரியும்? 1937-ல் தொடங்கி 1945 வரை உற்பத்தியில் இருந்த வண்டி. ஏ முதல் ஜே வரை வரிசையாக இருக்கிறது. எந்த மாடல் என்று சொல்லவில்லை, எந்த அளவு என்று சொல்லவில்லை, எந்தப் பெயிண்ட் என்று சொல்லவில்லை. வைத்தியரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இதே விஷயம் இங்கே பத்துத் தடவையாவது பேசியாயிற்று. தேடிப் படித்துவிட்டு வருவது நல்லது.

மொட்டைமாடி · ஞாயிறு, காலை 9.05
வெயிலில் காயவைத்தீர்களா ப்ரோ? நான் ஒருமுறை மாடியில் ஸ்டுஜி பீரங்கி வண்டி மாடலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பீரங்கிக் குழல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மதன்35 · ஞாயிறு, காலை 10.20
எச் மாடல் சார். 1/35 அளவு. தின்னரில்தான் கலந்தேன். கிரே அடித்து அதன்மேல் கருப்பு வாஷ். வெயிலில் வைக்கவில்லை. வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன், படம் ராத்திரி போடுகிறேன்.

நிலா_ப்ரஷ் · ஞாயிறு, காலை 10.24
எந்தத் தின்னர்??

கவசவாகனன் · ஞாயிறு, காலை 10.41
எச்-சுக்குக் கிரேயா? 1943 பிப்ரவரியிலேயே அடிநிறத்தை டுங்கெல்கெல்ப் என்கிற அடர்மஞ்சளாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எச் தயாராகி வெளியே வந்ததே அதற்குப் பிறகுதான். ஆர்ஏஎல் என்கிற ஜெர்மன் நிற எண்படி பழைய கரும்சாம்பல் 7021, புதிய அடர்மஞ்சள் 7028. அதன்மேல் படையினர் அடித்துக்கொள்ள ஆலிவ் பச்சை 6003, செம்பழுப்பு 8017. எச்-சுக்குக் கிரே அடிப்பது மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட யூனிபாரம் போட்டு மணவறையில் உட்காரவைப்பது போல. சக்கரம் உடைந்தது ஒருவகையில் நல்லதுதான், நிறத்தையும் சேர்த்து மாற்றிவிடலாம்.

கறுப்புவெள்ளை · ஞாயிறு, காலை 11.10
அண்ணே, நீளக் குழல் பீரங்கி என்றாலே மஞ்சள் என்று பேசுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். 1942-ல் வந்த எஃப்2-வுக்கு நீளக் குழல்தான், கிரேதான். முதலில் வந்த ஜி-யும் அப்படித்தான்.

கவசவாகனன் · ஞாயிறு, காலை 11.18
எஃப்2 பற்றி யார் பேசினார்கள்? அதன் குழல் நுனியில் உருண்டையாக ஒற்றைத் தடுப்பு மசில் பிரேக் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைப்பது) இருக்கும், பார்த்தவுடன் தெரியும். தம்பி சொன்னது எச். பீரங்கி 7.5 செ.மீ., எல்/48, அதாவது குழல் நீளம் அந்த 7.5-ஐப் போல 48 மடங்கு. சண்டை போடுவதற்கு முன் எதைப் பற்றிச் சண்டை என்று பாருங்கள்.

கறுப்புவெள்ளை · ஞாயிறு, காலை 11.35
சரி, எச் என்றே வைத்துக்கொள்வோம். "சரியான" டுங்கெல்கெல்ப் எது? வர்ணம் பசையாக டப்பாவில் வந்தது. படைப்பிரிவிலேயே கரைத்து அடித்தார்கள். பெட்ரோல் கிடைத்தால் பெட்ரோல், கிடைக்காவிட்டால் தண்ணீர். ஒரே டப்பாவை இரண்டு வண்டிக்கு அடித்தால் இரண்டு நிறம். இதில் நீங்கள் எண் சொல்லி அடிக்கிறீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் சொல்கிறவர்களை நான் ஜோசியக்காரர்களோடுதான் சேர்ப்பேன்.

மொட்டைமாடி · ஞாயிறு, மதியம் 12.02
பெட்ரோலில் கரைத்தார்களா! அப்போது அவர்கள் சக்கரம் உடையவில்லையா?

கறுப்புவெள்ளை · ஞாயிறு, மதியம் 12.04
அது இரும்பு தம்பி.

பாலிமர்_பாண்டி · ஞாயிறு, மாலை 4.50
நிறத்தைப் பிறகு பார்க்கலாம். பகலில் எனக்கு இன்ஜெக்ஷன் மோல்டிங்கில்தான் வேலை. இந்த மாதிரி உடைந்ததைத் தினமும் கையில் வாங்கிப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். மதன், நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

தின்னர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது? உடைந்தவை இரண்டு பக்கமுமா, ஒரே பக்கமா? வாஷ் அடித்தபின் டாங்கை எப்படி வைத்தீர்கள், நிமிர்த்தியா, சாய்த்தா? சக்கரங்களை லூசாக மாட்டினீர்களா, இறுக்கித் தள்ளினீர்களா?

தின்னர் என்றால் ஆளுக்கு ஒன்று நினைக்கிறோம். ஹார்டுவேர் கடையில் தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னர்தான் எடுத்துக் கொடுப்பார்கள், மர பாலிஷுக்குப் போடுவது. அது பட்டிருந்தால் கிரே பெயிண்ட் அப்போதே கரைந்து பிரஷ்ஷோடு வந்திருக்கும், பிளாஸ்டிக்கும் கொழகொழத்திருக்கும். "நன்றாகத்தான் வந்தது" என்கிறார். அதனால் என்.சி. இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் டப்பாவைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

ரப்பர்பேண்ட்_எதிரி · ஞாயிறு, மாலை 5.15
எல்லாம் சரி, ஆனால் டிராக்கை யாரும் கேட்கவில்லையே. எட்டு நாள் கழித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிராக்தான்.

மதன்35 · ஞாயிறு, இரவு 9.30
படம் போட்டிருக்கிறேன். டப்பாவில் மினரல் டர்பன்டைன் என்று இருக்கிறது, கடையில் தின்னர் என்றுதான் கொடுத்தார்கள். ஆயில் பெயிண்ட் ட்யூப் கருப்பை அதில் கலந்தேன். அடியில் டாமியா அக்ரிலிக் எக்ஸ்எஃப்-63 கிரே. வார்னிஷ் இல்லை. உடைந்தது எல்லாம் இடது பக்கம், ஐந்து சக்கரம். வலது பக்கம் ஒன்றும் ஆகவில்லை. காய்வதற்காக இடது பக்கம் கீழே இருக்கிற மாதிரி படுக்கவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். சக்கரம் கொஞ்சம் டைட்டாகத்தான் இருந்தது, அமுக்கித்தான் போட்டேன். செயின் இன்னும் மாட்டவே இல்லை.

ரப்பர்பேண்ட்_எதிரி · ஞாயிறு, இரவு 9.34
மாட்டவே இல்லையா!

கவசவாகனன் · ஞாயிறு, இரவு 9.40
செயின் சைக்கிளுக்கு. டாங்குக்கு டிராக்.

மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 9.43
எங்கள் ஊரில் புல்டோசரே செயின் வண்டிதான் சார்.

பாலிமர்_பாண்டி · ஞாயிறு, இரவு 10.25
படம் பார்த்தேன். வெட்டு மாதிரி சுத்தமான முறிவு. நசுங்கல் இல்லை, வெளுப்பும் இல்லை. முறிந்த முகத்தில் கருப்பு ஓடியிருக்கிறது பாருங்கள். விரிசல் விழும்போதே வாஷ் உள்ளே புகுந்திருக்கிறது.

நடந்தது இதுதான். பிளாஸ்டிக் சூடாக அச்சுக்குள் பாய்ந்து சட்டென்று குளிரும்போது அதற்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். மெல்லிய தண்டு, சக்கரத்தைத் தாங்கும் தடித்த கையோடு சேர்கிற மூலையில் அது அதிகம். அதன்மேல் நீங்கள் சக்கரத்தை அமுக்கிப் போட்டதில் இன்னொரு இழுவை. இந்த நிலையில் டர்பன்டைன் மாதிரி ஒரு கரைப்பான் அந்த மூலையில் தேங்கினால், பிளாஸ்டிக்கைக் கரைக்க வேண்டிய அவசியமே இல்லை. இழுபட்டிருக்கும் இழைகளுக்கு நடுவில் புகுந்து பிடியைத் தளர்த்தும். மயிரிழையில் ஒரு விரிசல் விழும், அதற்குள் இன்னும் கொஞ்சம் உறிஞ்சும், மேலும் விரியும். எங்கள் பட்டறையில் இதற்கு ஸ்ட்ரெஸ் கிராக் என்று பெயர். மூடியில் எண்ணெய் பட்டுப் பிளந்தது என்று சரக்குத் திரும்பி வரும், அதே கதை. இழுவை இல்லாத பிளாஸ்டிக்கில் இதே டர்பன்டைனை ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால்தான் வண்டியின் மேல்பாகமும் பீரங்கி இருக்கிற டர்ரட்டும் அப்படியே இருக்கின்றன.

பான்சர் 4-இல் பக்கத்துக்கு எட்டுச் சின்னச் சக்கரம், இரண்டிரண்டாக ஒரு கையில். கைக்குப் பின்னால் பிரஷ் போகாத சந்து, அங்கே வெறும் பிளாஸ்டிக். இடது பக்கம் கீழே வைத்துப் படுக்கப்போட்டதில் மொத்த வாஷும் அங்கேதான் குளம் கட்டியிருக்கும். அதனால்தான் ஒரே பக்கம்.

நிலா_ப்ரஷ் · ஞாயிறு, இரவு 10.40
பாண்டி அண்ணா சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் நானும் ஐந்து வருடமாக அதே மாதிரி டர்பன்டைனில்தான் வாஷ் அடிக்கிறேன், ஒருமுறைகூட உடையவில்லை. ஒரு வித்தியாசம், நான் முதலில் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுவேன். அப்புறம் வாஷை முழுக்கப் பூசமாட்டேன். மெல்லிய பிரஷ் நுனியில் எடுத்து ஆணித்தலையையும் ஓரத்தையும் தொட்டால் அதுவே ஓடிக்கொள்ளும்.

பாலிமர்_பாண்டி · திங்கள், காலை 7.10
ராத்திரி சும்மா இருக்க முடியவில்லை. மெல்லிய ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டு இரண்டு எடுத்தேன். ஒன்றை வில்லாக வளைத்துத் துணி கிளிப்பில் மாட்டினேன், இன்னொன்றை நேராக வைத்தேன். இரண்டிலும் ஒரே டர்பன்டைன், இரண்டு இரண்டு சொட்டு. காலையில் பார்த்தால் வளைந்தது கிளிப்பிலேயே இரண்டாகக் கிடக்கிறது. நேராக இருந்ததை இப்போது கையால் வளைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. புதிதாகத் தின்னர் எது வாங்கினாலும் மாடலில் படுவதற்கு முன்னால் இப்படி ஒரு கிளிப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கவசவாகனன் · திங்கள், காலை 8.00
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், எந்தப் பெயிண்ட் என்று சொல்லவில்லை என்று. இருக்கட்டும். சரிசெய்கிற முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள் தம்பி. மூன்று நாள் தொடாமல் காற்றாட வையுங்கள், உள்ளே இருக்கும் டர்பன்டைன் முழுக்கப் போகட்டும். உடைந்த இடத்தில் வெறும் பசை போட்டு ஒட்டாதீர்கள், அது நிற்காது. பின் வைஸில் (கையால் சுழற்றுகிற சின்னப் பிடி) 0.8 மி.மீ. துளைப்பானை மாட்டி இரண்டு பக்கமும் துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுங்கள். கம்பி இல்லாவிட்டால் பேப்பர் கிளிப்பை நறுக்கிக்கொள்ளலாம், அதன் தடிமனுக்கு ஏற்பத் துளை. ஃபெவிக்விக் வேண்டாம். சக்கரத்தை நேராக்குவதற்குள் பிடித்துவிடும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். அரால்டைட் போடுங்கள், கைக்கு நேரம் கிடைக்கும். அது இறுகுவதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலை எட்டுச் சக்கரத்துக்கும் அடியில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட அந்தரத்தில் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் டிராக் மாட்டியபின் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

நிலா_ப்ரஷ் · திங்கள், காலை 8.12
அருமையான விளக்கம் சார். இதை சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

கறுப்புவெள்ளை · திங்கள், காலை 9.30
கிரே விஷயம் இன்னும் முடியவில்லை. மதன், நீங்கள் ஏன் கிரே அடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏதாவது படம் பார்த்து அடித்தீர்களா?

மதன்35 · வியாழன், இரவு 11.15
வீட்டில் கிரே பாட்டில்தான் இருந்தது.

மொட்டைமாடி · வியாழன், இரவு 11.17
😂😂

மதன்35 · சனி, இரவு 10.05
கம்பி போட்டு ஒட்டியாயிற்று, எட்டும் தரையில் நிற்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் கொஞ்சம் கோணல், அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். செயினும் மாட்டிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, பாண்டி அண்ணனுக்கும் கவசவாகனன் சாருக்கும் கூடுதல் நன்றி.

ரப்பர்பேண்ட்_எதிரி · சனி, இரவு 10.20
வினைலா?

பாலிமர்_பாண்டி · சனி, இரவு 10.31
மதன், வலது பக்கத்திலும் வாஷ் பட்டதுதானே. அந்தக் கைகளின் மூலையை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா? டிராக் மாட்டியதில் இப்போது அங்கேயும் இழுவை வந்திருக்கும். நாளை காரில் எடுத்துப் போகும்முன் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாலிமர்_பாண்டி · செவ்வாய், காலை 7.20
மதன்?