கடவுளை நம்பாதவரால் உண்மையாக அன்புகூர முடியுமா?

கடுகுவிதை:
முடியாது என்பதே என் எண்ணம். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" (1 யோவான் 4:19). ஊற்று அங்கே இருக்கிறது. நம்மைச் சிநேகிப்பவரைச் சிநேகிப்பதை, ஊரார் வெறுத்த வரிவசூலிப்பவர்களான ஆயக்காரரும் செய்வார்கள் என்று இயேசுவே சொன்னார். வெறுத்தவரையும் நேசிக்க விசுவாசம் இல்லாமல் எப்படி முடியும்? தேவனை அறியாதவரிடம் இருப்பது வெறும் பாசம்.

இரவுப்பணி:
என் அப்பா இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். சின்ன வயதில் அண்ணனை அவர் அடித்த அடி கொஞ்சமல்ல. அண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. ஆனால் நடுராத்திரியில் எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, படுக்கைப்புண்ணைத் துடைத்தது, கையைத் தட்டிவிட்ட அப்பாவிடம் "இன்னும் கொஞ்சம்தான்பா" என்று கெஞ்சியது எல்லாம் அண்ணன்தான். நான் தலைமாட்டில் ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கப் போனேன். அதை வெறும் பாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடுகுவிதை:
உங்கள் அண்ணனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்கிறார் அப்போஸ்தலன் பவுல் (1 கொரிந்தியர் 13:3). செயலை மட்டும் வைத்து அன்பை அளக்க முடியாது.

ஏடுபுரட்டி:
அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். மலைகளைப் பேர்க்கத்தக்க விசுவாசம் இருந்தாலும் அன்பு இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்கிறார். சபைகளும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. கிறிஸ்துவின் கிருபைக்கு முந்திய செயல்கள் தேவனுக்குப் பிரியமானவை அல்ல என்கிறது ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் 13ஆவது. கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டமான திரெந்து சங்கமோ, தேவன் ஒருவரை மன்னித்து நீதிமானாக்குமுன் அவர் செய்வதெல்லாம் பாவமே என்ற போதனையை 1547இல் கண்டித்தது.

இரவுப்பணி:
அப்புறம் இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை? அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பார்த்தும் ஆசாரியனும், ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் விலகிப் போனார்கள். காயத்தைக் கட்டியவன், யூதர்கள் ஒதுக்கிய அந்தச் சமாரியன்தானே.

கடுகுவிதை:
சமாரியன் நாத்திகன் அல்ல, பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களான மோசேயின் ஆகமங்களை ஏற்றவன். அந்த உவமை உங்களுக்கு உதவாது. என்னை அசைப்பது மத்தேயு 25தான். அங்கே நியாயத்தீர்ப்பு நாளில், பசியாயிருந்த தமக்கு உணவு கொடுத்தீர்கள் என்று இயேசு நீதிமான்களிடம் சொல்கிறார். "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்" என்று நீதிமான்களே திகைத்துக் கேட்கிறார்கள். அவருக்குத்தான் செய்கிறோம் என்று தெரியாமலே செய்திருக்கிறார்கள். சரி, 'வெறும் பாசம்' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் அண்ணனிடம் இருந்ததும் அன்புதான். ஆனால் அதைக் கொடுத்தவர் தேவன், அண்ணனுக்கு அது தெரியாவிட்டாலும்.

இரவுப்பணி:
அங்கேதான் நமக்குள் இன்னும் இடிக்கிறது. அண்ணனைக் கேட்டால், "அப்பாவுக்கு வலித்தது, எழுந்தேன்" என்பார். அதற்குப் பின்னால் இன்னொரு காரணத்தை நான் தேடப்போவதில்லை.