தொட்டி மண்ணின் மேல் வெண்பூஞ்சை: செடிகளுக்கு ஆபத்தா?

கேள்வி:
வணக்கம். வரவேற்பறையில், ஜன்னலிலிருந்து தள்ளி வைத்திருக்கும் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட் ஆகிய இரண்டு தொட்டிகளிலும் மண்ணின் மேல் பஞ்சு போன்ற வெண்படலம் படர்ந்திருக்கிறது. மண்கலவையில் தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் உள்ளன; தினமும் சிறிது நீர் தெளிக்கிறேன். இலைகள் நலமாகவே இருக்கின்றன. சுரண்டி எடுத்தாலும் படலம் மீண்டும் வருகிறது. இலவங்கப்பட்டைத்தூள் தூவலாம் என்றும் சமையல் சோடாக் கரைசல் ஊற்றலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி? வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதால் கவலையாக உள்ளது.

பதில் 1:
முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். தொட்டால் நொறுங்கி, நீரில் கரைந்தால் அது கடின நீரும் உரமும் விட்டுச்சென்ற உப்புப் படிவு. இழை இழையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. இவ்வகைப் பூஞ்சை பெரும்பாலும் நார்த்தூள், மட்கு போன்ற இறந்த கரிமப் பொருளைத் தின்று வாழ்வது. உயிருள்ள வேரைத் தாக்குவதில்லை. ஆகவே செடியை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அப்படித் தெளிக்கும்போது மேற்பரப்பு காய்வதே இல்லை, அடிவேருக்கோ நீர் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. விரலை விட்டுப் பார்த்து, மேலே 3 சென்டிமீட்டர் அளவுக்கு மண் காய்ந்த பிறகே மணி பிளாண்டுக்கு நீர் ஊற்றுங்கள். ஸ்நேக் பிளாண்டுக்கு மண் ஏறக்குறைய முழுவதும் காய வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி நீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், தொட்டிகளை ஜன்னலருகே நகர்த்துவதும் அவசியம்.

பதில் 2:
ஆஸ்துமா பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் அதன் வித்துகள் காற்றில் பரவும். எனவே தொட்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுசென்று, படலத்தை லேசாக நனைத்து, முகக்கவசம் அணிந்து, மேல்மண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு உலர்ந்த புதுக்கலவையை இடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அவர் உறங்கும் அறையில் இந்தத் தொட்டிகளை வைக்காதீர்கள். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மண்ணில் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அவர்களுடைய நுரையீரலைத் தாக்கக்கூடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அது இழையாகத்தான் இருக்கிறது. தொட்டியைச் சுற்றிச் சிறிய கருநிற ஈக்களும் பறக்கின்றன. பட்டைத்தூள், சோடா பற்றியும் கூறுங்கள்.

பதில் 3:
பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள் பூஞ்சையை ஓரளவு அடக்கும். மண் ஈரமாகவே இருந்தால் அதைத் தூவியும் நிலையான பயன் இராது. சோடாவை அறவே தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள சோடியம் தொட்டிக்குள் சேர்ந்து வேரைக் கெடுக்கும்.

அந்த ஈக்கள் ஈரமான மேல்மண்ணில் முட்டையிடுபவை. அவற்றின் புழுக்கள் பூஞ்சையையும் மட்கையும் தின்னும். பெருகிவிட்டால் இளம் வேர்களையும் கடிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை பறக்கும் ஈக்களைப் பிடிக்கும். மேல்மண்ணைக் காயவிடுவதுதான் முட்டைகளையும் புழுக்களையும் குறைக்கும்.

மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் மஞ்சளாகித் துவண்டாலோ, மண்ணில் அழுகிய வாடை வந்தாலோ செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். பழுப்பேறிக் குழைந்திருந்தால் அது வேரழுகல். அது வெண்படலத்தால் வருவதன்று. பித்தியம் போன்ற வேறு நுண்ணுயிர்கள் அதே மிகை ஈரத்தில் பெருகுவதால் வருவது. அழுகிய வேர்களை வெட்டிவிட்டு, நீர் நன்கு வடியும் புதுக்கலவையில், வடிகால் துளையுள்ள தொட்டியில் மாற்றி நடுங்கள்.