புதுப்பிப்பு: கோடை விடுமுறையும் பல்லாங்குழியும்

ஐந்து வயது மகளைச் செலவின்றி வீட்டிலேயே எப்படி ஈடுபடுத்துவது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பலரும் பல்லாங்குழியைப் பரிந்துரைத்திருந்தீர்கள். பலகை இல்லாததால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 வீதம் 14 வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு 5 என 70 புளியங்கொட்டைகளை இட்டோம். அவை உருண்டோடிக்கொண்டே இருந்ததால், மறுநாள் முட்டை அட்டையிலிருந்து 14 குழிகளை வெட்டி, ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொண்டோம். இதுவே சிறந்த வழி. ஒரு குழியில் 4 கொட்டைகள் சேர்ந்ததும் "பசு!" என்று கூவி அள்ளுவதற்காகவே, விரல் விடாமல் எண்ணப் பழகிவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வைப்பது அவசியம். இரண்டு வயதுத் தம்பி ஒன்றை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் எனக்கு இது உறைத்தது. வெந்தயம் முளைக்க வைக்கும் யோசனையை நாளை தொடங்குகிறோம், கொட்டாங்கச்சி தயார்.