டிராக்டர் பி.டி.ஓ.வுக்கு என்ன சொல் வைக்கலாம்?

கோபியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். டிராக்டர் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பழைய மாஸி பெர்குசன் 35 வண்டியின் பழுது பார்க்கும் முறையைப் பத்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பாரு ஓட்டிய வண்டிதான் பாடத்துக்கும் வண்டி. கிளட்ச், லீவர், லிப்ட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், எல்லாருக்கும் புரியும். பி.டி.ஓ.வில்தான் (பவர் டேக்-ஆப்) நின்றுவிட்டேன். எஞ்சின் ஓட்டத்தைப் பின்பக்கத் தண்டு வழியாக ரோட்டவேட்டருக்கோ மஞ்சள் மெருகு போடும் உருளைக்கோ கொடுக்கிற அமைப்பு. தமிழில் எழுதினால் ஊராட்சி ஒன்றியத்து பி.டி.ஓ.வும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. ஒரு பத்தியைக் கோடிட்ட இடங்களோடு தருகிறேன், உங்கள் சொல்லை அதில் வைத்துப் பாருங்கள்:

"முதலில் லிப்ட் தூக்குகிறதா என்று பார். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றுவதும் ____ ஓட்டம்தான். ____ சுற்றவில்லை என்றால் லீவர் நியூட்ரலில் இருக்கலாம். லீவர் சரியாக இருந்தும் லிப்டும் இல்லை, ____ சுற்றவும் இல்லை என்றால் இரண்டாவது கிளட்ச் பிளேட்டில் கோளாறு இருக்கலாம். லிப்ட் தூக்குகிறது, ____ மட்டும் சுற்றவில்லை என்றால் பழுது பம்புக்குப் பின்னால். சும்மா சுற்றிவிட்டுப் பாரம் ஏறியதும் நின்றால் பிளேட் வழுக்குகிறது. வண்டி நகர்ந்தால்தான் சுற்றுகிறது என்றால் பழுதே இல்லை, லீவர் தரைவேகப் பக்கம் கிடக்கிறது."

கோவையிலிருந்து:

திறன் எடுப்பு. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. விசை, ஆற்றல், திறன் மூன்றையும் பள்ளிப் பாடநூல் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. இங்கே பேசுவது திறனை. பிள்ளைகள் படித்துவிட்டு வந்ததை நாமே குழப்பக் கூடாது.

சோமனூரிலிருந்து:

ஐயா, அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் விசைத்தறியைத் திறன்தறி என்று மாற்ற வேண்டி வருமுங்க. இங்கிருந்து பல்லடம் வரை யாரிடம் கேட்டாலும் விசை என்றால் கைக்கும் காலுக்கும் பதிலாக ஓட்டுவது என்று சொல்வார்கள். விசைப்படகு, விசைத்தெளிப்பான் எல்லாம் அப்படி வந்தவைதான். விசைத்தண்டு என்று வையுங்கள். கோடிட்ட இடத்தில் போட்டுப் பார்த்தேன், நன்றாக உட்காருகிறது.

பெருந்துறையிலிருந்து:

எடுப்பு வேண்டாம். துக்க வீட்டு வாசலில் "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்கிற சொல் அது. சங்கீதக்காரர்களுக்கோ தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம். என் பரிந்துரை சுழலிருசு. இருசு, மாட்டுவண்டியின் அச்சு. கட்டை வண்டி ஓடிய காலத்தில் நம் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருந்த சொல், சாகவிடக் கூடாது. சுழல் என்பது வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். வள்ளுவர் "உருள்பெருந்தேர்" என்கிறார். தேர் நிலையில் நிற்கும்போதும் அது உருள்தேர்தான். அப்படியே, லீவர் நியூட்ரலில் கிடந்தாலும் இது சுழலிருசுதான். இருசு என்பது அரசு, முரசு போலச் சு ஈறு பெற்ற சொல், அதன் அடி "இரு" என்பது என் எண்ணம். வண்டியின் பாரமெல்லாம் இருக்கும் இடம் அது. இதுபற்றி இன்னும் எழுதுவேன்.

காங்கேயத்திலிருந்து:

ஐயா, இருசு சுற்றாதுங்க. வண்டிக்கு அடியில் அது அசையாமல் இருக்கும், சக்கரம்தான் அதன்மேல் சுற்றும். கடையாணி கழன்றால் சக்கரம் உருண்டு போய்விடும், இருசு வண்டியோடு கிடக்கும். இருப்பதால்தான் இருசு என்றால், அந்தக் காரணத்தாலேயே இதற்கு ஆகாது. இதில் தண்டே சுற்றுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

விசைத்தண்டில் எனக்கு ஓர் இலக்கணத் தடை. விசைத்தறி என்றால் விசையால் ஓடும் தறி, மூன்றாம் வேற்றுமை. விசைத்தண்டு என்றால் விசையைத் தரும் தண்டு, இரண்டாம் வேற்றுமை. தறி வாங்குகிறது, தண்டு கொடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே தொகையா?

கோபியிலிருந்து:

பொற்குடமும் தண்ணீர்க்குடமும் அப்படித்தானே அம்மா? ஒன்று பொன்னால் ஆனது, மற்றது தண்ணீரை உடையது. தண்ணீரால் குடம் செய்ததாக யாரும் நினைப்பதில்லை. பையனுக்கு எதிரிலேயே தண்டு இருக்கிறது, திசையை அதுவே காட்டிவிடும்.

கோவையிலிருந்து:

வரலாற்றையும் பாருங்கள். 1918-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இதை டிராக்டரில் வைத்து விற்கத் தொடங்கியது. அதற்கு முன் அறுவடை இயந்திரத்தின் சொந்தச் சக்கரம் தரையில் உருண்டுதான் கத்தியை ஓட்டும். சேற்றில் சக்கரம் வழுக்கினால் கத்தி நின்றுவிடும். எஞ்சினிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டதுதான் இதன் சிறப்பு. எடுத்தல் என்ற கருத்தை விட்டுவிட்டால் சொல்லில் உயிர் இல்லை. எடுப்பு ஆகாதென்றால் திறன்வாங்கி.

சிவகிரியிலிருந்து:

நான் இலக்கணம் படித்தவள் இல்லை. எங்கள் களத்தில் மஞ்சள் உருளையை இந்தத் தண்டுதான் ஓட்டுகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. மேலே மூடி கிடையாது. போன வருடம் ஓரத்தில் கிடந்த சாக்கு ஒன்று மாட்டிக்கொண்டது. எஞ்சினை நிறுத்துவதற்குள் கயிறு மாதிரி முறுக்கேறித் தண்டோடு இறுகிவிட்டது, அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தோம். அந்த இடத்தில் என் முந்தானை இருந்திருக்கலாம். வெறும் தண்டு என்றால் வாழைத்தண்டு போல ஒன்றும் செய்யாத பொருளாகக் காதில் விழுகிறது. பெயரிலேயே சுற்றும் என்பது இருக்க வேண்டும். சுழல்தண்டு என்று வையுங்கள்.

பெருந்துறையிலிருந்து:

இருசு போகட்டும், சுழல் நிற்கட்டும். அம்மா சொல்வதற்கு என் ஆதரவு.

சோமனூரிலிருந்து:

வண்டிக்குள் சுழலும் தண்டுகள் பல இருக்கின்றனவேங்க. கியர் பெட்டிக்குள் இருப்பதும் சுழல்தண்டுதான். எது என்று பையன் எப்படிப் பிரித்துக்கொள்வான்?

கோபியிலிருந்து, வியாழன் இரவு:

காலையில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். விசைத்தண்டுக்கு ஐந்து பேர், சுழல்தண்டுக்கு மூவர், திறனுக்கு இருவர். பாடம் முழுக்க விசைத்தண்டு என்றே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் பி.டி.ஓ. இருக்கும். சிவகிரி அம்மாவின் சாக்கை எச்சரிக்கைப் பக்கத்தில் முதல் பத்தியாக வைக்கிறேன், அங்கே "சுழலும் விசைத்தண்டு" என்று தடித்த எழுத்தில் வரும். டூயல் கிளட்சின் இரண்டாவது பிளேட்டுக்கு விசைத்தண்டு கிளட்ச். வண்டி நின்றாலும் சுற்றிக்கொண்டிருக்கும் லைவ் பி.டி.ஓ.வுக்கு யாரும் சொல் தரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து:

என் மறுப்பைக் குறித்து வையுங்கள். அந்தத் தண்டு தருவது முறுக்கு. முறுக்கைச் சுற்று வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். "பாரம் ஏறியதும் நின்றால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏன் நிற்கிறது என்று பையன் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் விளக்க வேண்டும். அப்போது விசை என்ற சொல் குறுக்கே நிற்கும். அடுத்த பதிப்புக்கு மறுபடி கேட்பேன்.