ஒடியெலும்பு நோய்: கலைச்சொல் பரிந்துரை

ஐயா, வணக்கம்.

பிறவியிலேயே எலும்பு எளிதில் ஒடியும் நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவுக்கு நீங்கள் தந்த 'நிறைவிலா எலும்பாக்கம்' மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, பாடநூலுக்கு அதுவே இருக்கட்டும். ஆனால் நம் கையேடு பெற்றோருக்கும் அறுவை அரங்கில் நிற்கும் செவிலியருக்கும் போகப்போவது. கேஸ் ஷீட்டில் இந்தப் பெயரைப் பார்க்கிறவருக்கு, பிபி பட்டையைக் கட்டிக் காற்றடித்தாலே இந்தக் குழந்தையின் கை முறியலாம் என்று தோன்றுமா? தோன்றாது.

'நொறுங்கெலும்பு' எனக்குப் பிடிக்கவில்லை. அப்பளம் நொறுங்கும், எலும்பு ஒடியும். தவிர, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை தன் நோயின் பெயராக அதைப் படிக்கும். 'எலும்புருக்கி' வேண்டவே வேண்டாம், காசநோய்க்கு வெகுகாலம் வழங்கிய பெயர் அது.

என் பரிந்துரை: ஒடியெலும்பு நோய். வினைத்தொகை என்பதால் ஒடிந்ததும் இனி ஒடியக்கூடியதும் அதில் அடங்கிவிடும், ஊரிலும் 'கை ஒடிஞ்சுபோச்சு' என்றுதானே சொல்கிறோம். குறையும் உண்டு. இது அடிப்படையில் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் கோளாறு, பல் எளிதில் உடையும், சிலருக்குக் காது மந்தமாகும், ரத்தக்கசிவும் கூடலாம். இவையெல்லாம் பெயருக்குள் வராது. 1979-இல் மருத்துவர் டேவிட் சிலன்ஸ் குழுவினர் இந்த நோயைப் பிரித்த நான்கு வகைகளை விளக்கும் இடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

மயக்க மருத்துவருக்கு இந்தப் பெயர் உடனே நினைவூட்ட வேண்டியவை நிறைய. சுவாசக்குழாய் போடக் கழுத்தைப் பின்னுக்கு மடக்குவது வழக்கம், இங்கே அது கூடாது, கழுத்தை நேராகவே வைத்து வீடியோ லாரிங்கோஸ்கோப்பால் (தொண்டைக்குள் பார்க்கும் கேமராக் கருவி) பார்த்துப் போடுவது நல்லது, அப்போதும் தாடையிலும் பல்லிலும் அழுத்தம் விழக்கூடாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தான சக்சினில்கோலின் கொடுத்தால் முதலில் தசைகள் துடிக்கும், அந்தத் துடிப்பிலேயே எலும்பு ஒடியலாம் என்பதால் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மேசைக்கு மாற்றும்போது கையையோ காலையோ பிடித்து இழுக்காமல், உடம்புக்கு அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்கு மூச்சுத்திறனும் குறைந்திருக்கும்.

அப்புறம், வரைவில் 'மிகைவெப்பம்' என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் வருகிறது, அது ஆபத்து. இந்தக் குழந்தைகளுக்கு அறுவையின்போது உடல் சூடேறுவதுண்டு, பெரும்பாலும் குளிர்வித்தாலே தணியும். சில மயக்க மருந்துகளால் உடல் வெப்பம் உயிருக்கு ஆபத்தாக ஏறும், டான்ட்ரோலீன் என்ற மாற்றுமருந்து கொடுத்தாக வேண்டிய மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா வேறு. முதலாவதற்கு 'அறுவைக்கால உடற்சூடு', இரண்டாவதற்கு 'கொடுவெப்பேற்றம்' என்று பிரிக்கலாமா? இரண்டாவது சொல் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை, வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.