தேர்தல் பொய்ச் செய்தி: பிரிவு 175 புகார், ஆறு மாதக் கெடு நெருங்குகிறது

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சுயேச்சை வேட்பாளர் நில மோசடி வழக்கில் கைதானவர் என்று, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன் உள்ளூர் நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் போட்டது. அப்படியொரு வழக்கே கிடையாது. மறுப்பும், வேட்புமனுவோடு கொடுக்கும் (வழக்கு விவரம் அடங்கிய) படிவம் 26 பிரமாணப் பத்திர நகலும் அன்று மாலையே ஆசிரியருக்கு மின்னஞ்சலில் போயின. மறுநாளும் அதே செய்தி. தெரிந்தே போட்டார்கள் என்பதற்கு அந்த இரண்டாம் நாள் பதிப்புதான் பலமான ஆதாரம்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல) சரி. பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 175, அதாவது தேர்தலில் வேட்பாளர் பற்றிப் பொய்ச் செய்தி வெளியிடும் குற்றத்தில், நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. தண்டனையும் வெறும் அபராதம்; வாக்காளரை ஏமாற்றியதற்கு இது போதவே போதாது. அபராதம் மட்டும் என்பதால்தான் காலவரம்பும் ஆறே மாதம். நாலரை மாதம் ஓடிவிட்டது. அவதூறுக்கு (356) மூன்று வருடம் இருக்கிறது, ஆனால் அதில் தேர்தல் குற்றம் அடிபட்டுப் போகும்.

பிரஸ் கவுன்சிலுக்கு இரண்டு மாதக் கெடுவுக்குள் புகார் போயாயிற்று. அவர்களால் கண்டிக்க மட்டுமே முடியும். கோர்ட்டில் வழக்கு வந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

கையில் இருப்பவை: இரண்டு நாள் அச்சுப் பிரதிகள், ஹெடரோடு மின்னஞ்சல், இணையப் பக்க நகல். மின்னணு ஆதாரத்துக்கான, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63(4) சான்றிதழில் முதல் பகுதி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) தயார். நிபுணர் கையெழுத்திட வேண்டிய இரண்டாம் பகுதிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 223-ல் தனிநபர் புகாரை இப்போதே தாக்கல் செய்துவிட்டு, நிபுணர் பகுதியைப் பிறகு சேர்க்க நடுவர் மன்றங்கள் அனுமதிக்கின்றனவா?